அப்பாவின் ஐந்தாவது விரலை அழித்தேன்

எங்கள் வீட்டு வாயில்லாப் பூச்சி, என் அருமை அப்பாவுக்கு,

தங்கச்சி மகேஸின் கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. நேற்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அனுப்பும்போது அழுதது அவள் இல்லை, நான்தான். அதை அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ரவாங்கில் கல்யாணப் படங்களைக் கணினியில் சரிசெய்கிறேன். முகப்பரு, கருவளையம், மேடைக்குப் பின்னால் தெரியும் பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வார்கள். ஒருவர் தன் தொப்பையை எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்ததும், "இது என் தம்பி மாதிரி இருக்குலா" என்று கோபித்துக்கொண்டார். குளோன் என்ற கருவி ஓர் இடத்தில் இருப்பதை அப்படியே எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கும். ஹீலிங் என்ற கருவி, வைத்த தடம் தெரியாமல் பக்கத்துத் தோலோடு நிறத்தைச் சேர்த்துவிடும். இரண்டும் கையில் இருந்தால் பொய்க்குப் பஞ்சமே இல்லை.

நீங்கள் போன பிறகு நடக்கும் கல்யாணத்துக்கு மகேஸ் என்னிடம் கேட்டது ஒன்றுதான். மண்டப வாசலில் வைக்கும் பெரிய குடும்பப் படத்தில் நீங்களும் நிற்க வேண்டும், உங்கள் வலக்கை அவள் தோள்மேல் இருக்க வேண்டும். வலக்கைக்கு நான் எங்கே போவேன்? தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையின் சங்கிலி உங்கள் மோதிர விரலில் பாதியைக் கொண்டுபோன நாளிலிருந்து, கேமராவைக் கண்டால் அந்தக் கை பேண்ட் பைக்குள் போய்விடுமே. சுங்கை செம்பிலாங்கில் மீன் வாங்கப் போனபோது எடுத்த படத்தில்தான் உங்கள் முகம் தெளிவாக இருந்தது. அதிலும் இடக்கை மட்டும்தான். அதைக் குளோன் செய்து, திருப்பிப் போட்டு, வலக்கையாக்கி மகேஸ் தோளில் வைத்தேன். ஹீலிங் போட்டதும் ஒட்டிய தடமே இல்லை. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்து பார்த்தார்.

"இது யாரு கைடா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோதிர விரல் முழுசாக நீட்டிக்கொண்டிருந்தது. அசடு வழிந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா மறைத்ததைத்தானே நானும் மறைத்திருக்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். அத்தையும் என் பக்கம்தான். அண்ணன் ஆயுசுக்கும் மறைத்ததை நாம் ஏன் ஊருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது. கூடப் பிறந்தவருக்கு உங்கள் கூச்சம் தெரியாதா?

அதற்குப் பதில் சொல்லத்தான் அம்மா, எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு கதையைச் சொன்னார். பெண் பார்க்க வந்தபோது நீங்கள் கையைத் துண்டுக்குள் வைத்திருந்தீர்களாம். தாலி கட்டும்போது அம்மா தலை நிமிரவே இல்லையாம். பிறகு, தண்ணீர்க் குடத்துக்குள் போட்ட மோதிரத்தை இருவரும் துழாவும்போதுதான் அந்தக் குட்டை விரல் தட்டுப்பட்டதாம்.

"உங்கப்பா கைய இழுத்துக்கப் பாத்தாரு. நான் விடல. மோதிரத்த விட்டுட்டு அந்த வெரலத்தான் புடிச்சிக்கிட்டேன். அஞ்சு வெரலும் உள்ள ஆம்பள யாருன்னே எனக்குத் தெரியாதுடா. அப்படி ஒரு ஆளோட நான் குடும்பம் நடத்தல."

ஏனப்பா, இதை நீங்கள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே? அம்மா அப்படிப் பிடித்துக்கொண்ட பிறகும் ஏன் ஒளித்தீர்கள்?

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விரலை எடுத்துவிடச் சொன்னார். தோளில் கிடந்த சேலையின் நிறத்தைக் குளோனால் எடுத்து அந்த விரல்மேல் பூசினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இன்னும் கீழே, நுனி கொஞ்சம் தடிப்பு, லேசாகச் சுண்டுவிரல் பக்கம் சாயும். கடைசியில், "ம், வந்துட்டாரு" என்றார். இந்தத் தொழிலில் எனக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

கோல சிலாங்கூர் மண்டப வாசலில் நீங்கள் ஆளுயரத்துக்கு நின்றீர்கள். ஆலையில் உங்களோடு வேலை செய்தவர்கள் படத்தைப் பார்த்ததும் நேராக அந்தக் கைக்குத்தான் வந்தார்கள். நம்ம ராமையாவேதான் என்று தொட்டுப் பார்த்தார்கள். நான் பயந்தது வீண். ஒருவர்கூடப் பரிதாபப்படவில்லை.

புருஷனை இழந்தவள் வாசலில் நின்று வரவேற்பதா, பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அம்மா முன்பே சொல்லி வைத்திருந்தார். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, பட்டுச்சேலையோடு வந்து உங்கள் பக்கத்தில் நின்றுவிட்டார். உறவுக்காரப் பெண் ஒருத்தி, உள்ளே போய் உட்காருங்களேன் என்று மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டுக்காரரு இங்க நிக்கிறப்ப நான் எங்க போயி உக்காருறது?"

கடைசி விருந்தாளி வரும்வரை அம்மா நகரவில்லை. அதற்குமேல் அவரை யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. ஜெயித்துவிட்டோம் அப்பா.

இனி உங்கள் கையை எந்தப் பைக்குள்ளும் போக விடமாட்டேன், இது சத்தியம். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் மூத்த பிள்ளை,
குணா