உன்மேல் வந்த மனுவை நான்தான் டைப் அடித்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் இரண்டு வார்த்தை பேசியதும் நீ போனைக் குட்டி கையில் கொடுத்துவிடுகிறாய், அவள் பல் ஆடுகிற கதையைச் சொல்லி முடிப்பதற்குள் நீ வேலைக்குக் கிளம்பியிருப்பாய். நீ தனியாகப் போன இந்த எட்டு மாதமாக இப்படித்தான். உன்னைக் குறை சொல்லவில்லை, காரணம் எனக்குத் தெரியாததா என்ன. ஆனால் இதை மட்டும் நீ பாதியில் வைத்துவிடக் கூடாது. கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி, கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரன் விவாகரத்துக்கு மனு போட்டுவிட்டான். குட்டியைத் தன்னிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறான். நோட்டீஸ் நேற்றுக் காலை நம் வீட்டுக்கு வந்தது. அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி நீ இங்கே கோர்ட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவன் சொன்னதே உண்மை என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள், அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும், அந்தத் தீர்ப்புகளுக்கு நகல் அடித்துக் கொடுத்தவளே நான்தானே. என்ன அம்மா அவன் இவன் என்று எழுதுகிறாள் என்று பார்க்காதே. ஒன்பது வருஷம் அவர் அவர் என்று சொல்லியாயிற்று, போதும்.

நோட்டீஸ் வந்தது நேற்று, ஆனால் மனு வரப்போவது எனக்குப் பதினைந்து நாள் முன்பே தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை கோர்ட் எதிரே நம் டைப்பிங் கடையில் நான் தனியாக இருந்தேன். நாலு வார்த்தைக்கு ஒரு கமா போடுவாரே, நாங்கள் கமா வக்கீல் என்று சொல்வோமே, அவருடைய குமாஸ்தா எட்டுப் பக்கம் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "டைப்பிங் அம்மா, மூணு மணிக்கு வேணும், சார் பறக்கறாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் உன் பெயர். நாலாவது வரியில் அப்பா பெயர். வேறு யாரோ என்று நினைத்து இன்னும் இரண்டு வரி அடித்திருக்கிறேன் பார், விரல் பாட்டுக்குப் போகிறது, அப்புறம்தான் இது நீதான் என்று உறைத்தது. நீ சண்டைக்காரி, சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாய், எங்கே இருக்கிறாய் என்றே தெரியவில்லை, அதனால் பேப்பரில் ஒரு விளம்பரம் போட்டு வழக்கை நடத்த அனுமதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கே இருக்கிறாய் என்று தெரியாதாம்! குட்டியின் பள்ளிக்கூடச் சான்றிதழை உறையில் உன் இப்போதைய விலாசத்தைத் தன் கையால் எழுதி அனுப்பியவன் யார்? எந்தப் பேப்பரில் எந்த மூலையில் போடுவார்கள், நீ எங்கே அதைப் பார்ப்பாய்?

எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினேன், மறுபடி திறந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை குடும்பத்தின் அழுக்கு இந்தக் கையால் தாளில் ஏறியிருக்கும், ஒரு வார்த்தை வெளியே போனதில்லை, அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை, அந்த ஒரு மரியாதையில்தான் இந்தக் கடை ஓடுகிறது. அதனால் உட்கார்ந்து முழுவதையும் அடித்தேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. இரண்டு இடத்தில் வக்கீலுடைய எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தினேன். என் பெண்ணைத் திட்டி எழுதியதற்குப் பிழை திருத்திக் கொடுத்த முட்டாள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குமாஸ்தாவிடம் கொடுக்காமல் நானே கொண்டுபோய் வக்கீல் மேஜையில் வைத்தேன். "சார், இதுல எதிர்மனுதாரர்னு போட்டிருக்கீங்களே, அது என் பொண்ணு" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. முப்பத்தொரு வருஷமாக டைப்பிங் அம்மா, டைப்பிங் அம்மா என்று கூப்பிட்டவர் ஒருநாளும் என் பெயரைக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் அவருடைய வழக்குக் கட்டிலேயே என் கையெழுத்து இருப்பது தெரிந்திருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். "அம்மா, சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்று மென்று விழுங்கினார். நான் சொன்னேன், "தப்பு உங்க மேல இல்ல சார். ஆனா இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவளுக்கு வரவேண்டியது எங்க வீட்டு விலாசத்துக்கு வரட்டும், நான் வாங்கிக்கறேன். இதுக்கு மேலயும் விலாசம் தெரியலைன்னு நீங்க கையெழுத்துப் போட்டா, அது உங்களுக்கும் கடவுளுக்கும் உள்ள விஷயம்." குமாஸ்தா காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். நல்லவேளை, மனுஷன் விலாசம் தெரியாது என்ற அந்தப் பாராவை நீக்கிவிட்டார். அதனால்தான் நோட்டீஸ் நேற்று வாசலுக்கு வந்தது. வரும்வரை உன்னிடம் வாய் திறக்கவில்லை, அடித்த தாளில் பார்த்ததைச் சொல்லக் கூடாது என்ற பிடிவாதம், அதற்கும் நீ திட்டலாம்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. என் மகளுக்கு ஒரு குடும்ப வழக்கு வரும்போல இருக்கிறது என்று மட்டும் சொல்லி அன்றிலிருந்து வக்கீல் தேடினேன். கோர்ட் வாசலில் கல்லை எறிந்தால் வக்கீல் மேல்தான் விழும், எனக்கென்ன கஷ்டம் என்று நினைத்தேன். கஷ்டமே அதுதான், ஒவ்வொருவர் சரக்கும் எனக்குத் தெரியும். சீனியர் வக்கீல் ஒருவரிடம் போனால், எந்தப் பெண் வந்தாலும் அவர் ஒரே பாராவைத்தான் போடுவார், எந்த மாமியாரும் அவருடைய மனுவில் ஒரே கரண்டியைத்தான் எறிவாள், எனக்கு அது மனப்பாடம், நீதிபதிக்கும் மனப்பாடமாகியிருக்கும். அவரோ உட்காரச் சொல்லிவிட்டு, "பொண்ணுக்குப் புத்தி சொல்லி அனுப்பி வையுங்கம்மா, பெத்தவங்க நீங்க சொன்னா கேக்காதா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இன்னொருவர் நல்லவர்தான், ஆனால் அவர் கொடுக்கிற தாளில் பாதிக்குமேல் வாய்தா கேட்கிற மனு, ஆறு வயதுப் பிள்ளை வழக்கு முடியும்போது கல்யாண வயதுக்கு வந்துவிடும். அப்பா என்னைப் பார்த்து, "நீ வக்கீல் தேடறியா, வக்கீல்கள்ல குத்தம் தேடறியா" என்று கேட்டார். எரிந்து விழுந்தேன், ஆனால் பயம் பிடித்துவிட்டது. பத்து நாள் ஓடிவிட்டது, கையில் ஒருவரும் இல்லை.

கடைசியில் யாரிடம் போனேன் தெரியுமா? சாவி செய்கிற கடைக்கு மேல் மாடியில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறாள், உன்னைவிடச் சின்னவள், எல்லாவற்றையும் தானே இரண்டு விரலால் கொத்திக் கொத்தி டைப் அடித்துக்கொள்வாள், என் கடைப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. அதற்காகவே ஐந்து வருஷமாக அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். ஆனால் நகலுக்கு வரும் தீர்ப்புகளில் அவள் பெயரைப் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை தாய்க்குப் பிள்ளையை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நேற்று நோட்டீஸை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் படியேறினோம். அவள் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. மனுவைப் படித்தாள், பின்னால் இணைத்திருந்த தாள்களைப் புரட்டினாள், நாலாவது தாளில் நின்றாள். "இது யார் எழுதினது?" என்று கேட்டாள்.

இனி எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாதது. இரண்டு வருஷம் முன்பு நீ கையில் கட்டோடு வந்து பதினாறு நாள் நம் வீட்டில் இருந்தாய் அல்லவா. பதினைந்தாம் நாள் அவன் கடைக்கு வந்தான். அழுதான். "அத்தை, நான் கூட்டிட்டுப் போறேன், ஆனா எங்க வீட்ல மறுபடி ஏத்துக்கணும்னா நீங்க ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க, அவங்க மனசு ஆறிடும்" என்றான். வேறு தாயாக இருந்தால் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நாலு வரி கிறுக்கியிருப்பாள், அதை எந்தக் கோர்ட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. நான் என்ன செய்தேன்? எனக்குத்தான் தொழில் தெரியுமே! தேதி போட்டு, ஒன்று இரண்டு என்று பாரா பிரித்து, மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதி கூறி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு அப்பாவையும் போடச் சொல்லிக் கொடுத்தேன். அப்பா படிக்காமலே போட்டார், என் தாளை அவர் என்றைக்குப் படித்திருக்கிறார். அந்தக் கடிதம்தான் இப்போது உன்மேல் அவனுக்கு இருக்கிற பெரிய ஆயுதம்.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே முன்கோபம் என்று அதில் எழுதியிருக்கிறேன். அவன் ஒருநாளும் உன்மேல் கை வைத்ததில்லை என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாவது பாராவில், மழை நாளில் ஈரப் படியில் வழுக்கி விழுந்ததில் உன் மணிக்கட்டு முறிந்தது என்று எழுதியிருக்கிறேன். "இது அவர் சொல்லி எழுதினீங்களா, நீங்களா எழுதினீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். விழுந்தாள் என்றது அவன், மழை என்னுடையது என்றேன். எத்தனை மனு அடித்த கை இது, சும்மா விழுந்தாள் என்றால் யார் நம்புவார்கள் என்று நானே மழையையும் பெய்ய வைத்தேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்பா அந்தத் தாளை வாங்கி முதல் தடவையாகப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், எழுந்து கீழே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அவள் வழியையும் சொன்னாள். இந்தக் கடிதத்தை உடைக்க ஒரே ஆள்தான் உண்டு, எழுதினவள். நான் கூண்டில் ஏறி, தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். "எதிர் வக்கீல் உங்களைச் சும்மா விடமாட்டார், அப்ப பொய்யா, இப்ப பொய்யான்னு கேப்பார், நீங்க அடிக்கற மத்த தாளெல்லாம் இப்படித்தானான்னு கேப்பார், கடை போனாலும் போகும்" என்றாள். அப்படியும் நீதிபதி நம்புவார் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். சரி என்றேன். கடை போனால் போகட்டும், இந்தக் கையை நம்பி இனி யார் தாள் கொடுத்து என்ன ஆகப் போகிறது. கீழே இறங்கியதும் அப்பா, "என் கையெழுத்தும் இருக்கு, நானும் ஏறுவேன்னு சொல்லு" என்றார். நேற்றிலிருந்து அவர் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான். ஆனால் உன் சம்மதம் இல்லாமல் எங்களைச் சாட்சியாகப் போட மாட்டேன் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், பெற்றவளே உன்னைத் திருப்பித் தள்ளியதை ஊர் முன்னால் நீ கேட்க வேண்டிவரும், முடிவு உன்னுடையது என்றாள். நல்ல வக்கீல்தான், எனக்குச் சந்தேகமில்லை.

அதனால் தாமதிக்காதே. பதினெட்டாம் தேதிக்குள் லீவு சொல்லிவிட்டுக் குட்டியோடு வந்துவிடு, வக்காலத்தில் உன் கையெழுத்து இல்லாமல் அவள் உனக்காக நிற்க முடியாது. கை முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரேயும் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தால் எடுத்து வை, அவன் விலாசம் எழுதி அனுப்பிய உறையைத் தூக்கிப் போட்டிருக்காதே. அவன் போன் செய்தால் எடுக்காதே, எடுத்தாலும் கத்தாதே, எதையும் எழுதி மட்டும் கொடுக்காதே. நம் வீட்டில் தங்கப் பிடிக்காவிட்டால் உன் சிநேகிதி வீட்டில் தங்கிக்கொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன், குட்டியை மட்டும் ஒரு தடவை கண்ணில் காட்டு. அவளுக்கு ஆடுகிற பல்லுக்குப் பதில் நல்ல பல் முளைக்கட்டும், நீ தைரியமாக, நிம்மதியாக நூறு வருஷம் இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி.

மன்னித்துவிடு என்று கேட்க இதை எழுதவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அன்றைக்குச் சமையலறையில் வைத்து, அவர்தாம்மா முறுக்கினார் என்று நீ என்னிடம் சொன்னாய். நான் ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா நம்பவில்லை என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நம்பினேன், கண்ணே. நீ சொன்ன அந்த நிமிஷமே நம்பினேன், நம்பிவிட்டுத்தான் உன்னைத் திருப்பி அனுப்பினேன். கூண்டில் ஏறியதும் இதைத்தான் முதலில் சொல்வேன். அன்றைக்கு நீ அங்கே இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா