டேப்புக்கு அடியில் இருந்த முத்திரை

டேய் தம்பி,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. சாவி மீட்டர் பெட்டி மேல.

உன் புது ஸ்கேட்போர்டு மேசை மேல கிடக்கு. திருகைக் கழட்டி, பலகை மேல ஒட்டியிருந்த சொரசொரப்பு டேப்பை உரிச்சது நான்தான். ஹேர் டிரையர்ல சூடு காட்டினா அழகா வருது. கத்தாதே. முன்பக்கத் திருகு ஓட்டைகளுக்கு நடுவுல பாரு, சின்னதா ஒரு முத்திரை இருக்கும். பலகை எங்கே செஞ்சதுன்னு அங்கதான் குத்துவாங்க. அடியில இருக்குற படமும் பேரும் யார் வேணா அடிச்சுக்கலாம். வாங்குறதுக்கு முன்னாடி முத்திரையைப் பார்த்திருக்கணும். நீ என்ன பண்ணினே? கடைக்காரன் டேப்பை இலவசமா ஒட்டித் தர்றேன்னதும் பல்லை இளிச்சுக்கிட்டு நின்னே.

அது நம்ம அப்பா பட்டறை முத்திரைடா.

"உங்க பலகையில ஏறினா கால் உடைஞ்சுதான் வீடு வந்து சேருவேன்"னு வேலையாளுங்க முன்னாடி அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னியே, அதே பட்டறை. இத்தனை நாளும் அது மேல குதிச்சுக்கிட்டுதான் "வெளிநாட்டுப் பலகைன்னா சும்மாவா"ன்னு பீத்திக்கிட்டிருந்தே.

சாயங்காலம் அப்பா வர்றார். கதவைத் திறந்து விடு. பலகையை ஒளிச்சு வைக்காதே.

அக்கா

பி.கு: ஒளிச்சாலும் பிரயோஜனமில்ல. போன தடவை வந்தப்பவே கையில தூக்கிப் பார்த்தே தன் பட்டறைப் பலகைன்னு கண்டுபிடிச்சிட்டார். "ஆசையா வாங்கியிருக்கான், அவன்கிட்ட சொல்லித் தொலைக்காதே"ன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார்.

அவருக்கு இருக்குற மனசு எனக்கில்லடா.