கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் டிரோனும் காவலில் இருக்கும் என் மருமகனும்

அனுப்புநர்:
தையற்கடைக்காரி,
(விசாரணைக் காவலில் இருக்கும் டிரோன் படப்பிடிப்பாளரின் மாமியார்),
விமானத் தளத்தின் பின்வேலியை ஒட்டிய தெரு.

பெறுநர்:
உயர்திரு தலைமைத் தளபதி அவர்கள்,
வான், விண்வெளி, சைபர் கூட்டுப் படைத் தலைமையகம்.

பொருள்: தங்கள் கூட்டுப் பயிற்சியில் கீழே இறக்கப்பட்ட டிரோன் தங்களிடமே இருப்பதை நீதிமன்றத்துக்குத் தெரிவித்து, அதை ஒளித்து வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட என் மருமகனை விடுவிக்க உதவக் கோருதல் தொடர்பாக.

பார்வை: மூன்று பிரிவுகளிலும் நான் கொடுத்த மூன்று மனுக்கள். மூன்றும் கிணற்றில் போட்ட கல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் விமானங்கள் எழும்பும்போதெல்லாம் என் கடைச் சுவரில் தொங்கும் கத்தரிக்கோல் ஆடும். அதற்காக நான் இதுவரை ஒரு மனுவும் கொடுத்ததில்லை. நாட்டைக் காப்பவர்கள் சத்தமில்லாமல் காக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே இது சத்தத்தைப் பற்றிய மனு அன்று. இதை எழுத உட்கார்ந்தவள் நடுவில் நாலு தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். கோர்வை தவறினால் மன்னிக்கவும்.

2. என் மருமகனின் தொழில் டிரோன் விட்டுப் படம் எடுப்பது. கல்யாணங்கள், விற்பனைக்கு வந்த மனைகள், ஏணி எட்டாத கூரைகள். இந்தச் சம்பந்தத்துக்கு நான் முதலில் சம்மதிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பறக்கிற பொம்மையை நம்பி யாராவது பெண்ணைக் கொடுப்பார்களா என்று கேட்டவள் நான்தான். மகள் பிடிவாதம் பிடித்தாள், கொடுத்தேன். மாப்பிள்ளை உழைப்பாளி, கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் வாய் ஓயாது. மணி என்ன என்று கேட்டால் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று சொல்வார். எனவே மருமகன் பாசம் கண்ணை மறைத்து எழுதுகிறேன் என்று தாங்கள் எண்ண வேண்டியதில்லை.

3. சம்பவத்தன்று அவர் சென்றது ஒரு பள்ளிக்கூடத்துக்கு. மழை வந்தால் வகுப்பறைகள் ஒழுகுகின்றன, கூரையில் எங்கே விரிசல் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று தலைமை ஆசிரியை கேட்டிருந்தார். காவல் நிலையத்தில் முன்அனுமதி வாங்கப்பட்டது. பள்ளி, தங்கள் தடை எல்லைக்கு நன்றாக வெளியே இருக்கிறது. பாதிக் கூரையைப் பார்த்து முடித்த நேரத்தில் டிரோன் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போனதாம். தொடர்பு அறுந்தால் அது தானாகவே திரும்பிவிடும் என்று அவர் வீட்டில் பெருமை அடித்துக்கொள்வது வழக்கம். "எங்க போனாலும் கிளம்பின இடத்துக்கே வந்துடும் அத்தை" என்பார். வேலை முடிந்து அவர் தாமதமாக வருகிறவர் என்பதால், "அதப் பாத்து நீங்களும் கத்துக்கலாம் மாப்பிள்ளை" என்பேன். அன்று அது திரும்பவில்லை. நேராகத் தங்கள் தளத்தை நோக்கிப் போய்விட்டது.

4. இந்த இடத்தில் வேறு எவனாயிருந்தாலும் போனது போகட்டும் என்று வீட்டுக்கு வந்திருப்பான். என் மருமகன் இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு அதைத் துரத்திப் போயிருக்கிறார். தங்கள் வாசலில் நிறுத்தி, காவலரிடம், "சார், என் டிரோன் உள்ள வந்திருச்சு, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். அதோடு விட்டாரா? தேடுவதற்கு உதவியாக இருக்கட்டும் என்று கைபேசியில் பதிவான படத்தையும் காட்டியிருக்கிறார். பள்ளிக் கூரை, மரங்கள், வேலி, ஓடுபாதை, வரிசையாக நிற்கும் விமானங்கள். "இதோ பாருங்க சார், இந்தக் கட்டடத்துக்குப் பக்கத்துலதான் இறங்கியிருக்கு" என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார். கொடுத்த விளக்கம் போதும் என்று அங்கேயே பிடித்து உட்கார வைத்து, போலீசில் ஒப்படைத்துவிட்டார்கள்.

ஐயா, தாங்கள் எத்தனையோ உளவாளிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாசல் மணியை அடித்துத் தன் பொருளைத் திருப்பிக் கேட்ட உளவாளி உண்டா?

5. தடை செய்யப்பட்ட இடத்தைப் படம் பிடித்தார் என்பது முதல் குற்றச்சாட்டு. தளத்தில் தேடியபோது கிடைக்கவில்லையாம், அதனால் டிரோனைக் கூட்டாளிகள் மூலம் ஒளித்துவிட்டு, இடத்தைச் சொல்ல மறுக்கிறார் என்பது இரண்டாவது. ஜாமீன் கிடைக்காததற்கு இந்த இரண்டாவதே காரணம். டிரோன் கிடைக்காதவரை ஆளை விட முடியாது என்று நீதிமன்றத்தில் சொல்கிறார்கள். அது கிடைக்க வேண்டுமென்று போலீசார் என் கடையைச் சோதனை போட்டார்கள். நூற்கண்டுப் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். பள்ளிச் சீருடைக்கு வெட்டி வைத்த துணிகளை உதறினார்கள். நிறைமாதமாக இருக்கும் என் மகளைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிற்க வைத்துவிட்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அவர்கள் கடமையைச் செய்தார்கள், நான் சிதறிய நூற்கண்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன். ஆனால் என் வயிறு எரிந்தது. அதை இங்கே எழுதாவிட்டால் பொய் மனு ஆகிவிடும்.

6. பிறகு நான் நடந்த நடையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வான் பிரிவின் வாசலில், "இது போலீஸ் கேஸ்மா, எங்ககிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்கள். விண்வெளிப் பிரிவுக்குப் பெயர்ப்பலகை கூடக் கிடையாது. தேடிக் கண்டுபிடித்துப் போனால், "நாங்க மேல பாக்குறவங்கம்மா, கீழ நடக்கிறது எங்களுக்குத் தெரியாது" என்றார் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர். சைபர் பிரிவில் மனுவைக் கையில் வாங்க மாட்டார்களாம், இணையத்தில்தான் போட வேண்டுமாம். பக்கத்துக் கணினிக் கடைப் பெண் போட்டுப் பார்த்தாள். பயிற்சி நடப்பதால் இணையதளம் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது என்று வந்தது. கடைசியில் காகிதத்தை அவர்கள் வாசல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மூன்று பிரிவும் சேர்ந்து பயிற்சி செய்வதாக ஊரெல்லாம் பேச்சு. பதில் சொல்ல மட்டும் ஏன் தனித்தனியாகப் பிரிந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

7. சென்ற ஞாயிறு தங்கள் தளத்தில் பொதுமக்கள் நாள். அன்று ஒரு நாள்தான் யாரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் உள்ளே விடுவார்கள். தங்களை நேரில் கண்டால் காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று மனுவை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். தாங்கள் வரவில்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது கண்காட்சிக் கூடாரத்தில் கூட்டம் நெரிந்தது. எட்டிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்குப் போட்டு, என் மருமகனின் டிரோன் இருந்தது.

8. எப்படி அடையாளம் தெரியும் என்று தாங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டும். அதன் ஒரு கால் முன்பே மொட்டைமாடியில் மோதி முறிந்தது. புதுக் கால் வாங்கும்வரை தாங்கட்டும் என்று நான்தான் ஊதா எலாஸ்டிக் சுற்றித் தைத்துக் கொடுத்தேன். ஊதா நூல் தீர்ந்துபோனதால் வெள்ளை நூலில் குறுக்குத் தையல் போட்டேன். அந்தத் தையலைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அதே கால், அதே எலாஸ்டிக், அதே வெள்ளைத் தையல்.

பக்கத்தில் சீருடையில் நின்ற இளைஞர் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "இது உளவு பாக்க வந்த எதிரி டிரோன். விண்வெளிப் பிரிவு செயற்கைக்கோள் சிக்னல் மாதிரியே ஒரு பொய் சிக்னல் குடுத்தாங்க. தான் எங்க இருக்கோம்ங்கிறதே அதுக்கு மறந்துபோச்சு. சைபர் பிரிவு அதோட கட்டுப்பாட்டைக் கையில வாங்கிட்டாங்க. வான் பிரிவு ரேடார்ல பாத்து வழி சொல்லச் சொல்ல, ஒரு குண்டு செலவில்லாம நம்ம தளத்துக்குள்ளயே கொண்டுவந்து இறக்கிட்டோம். தனித்தனியா செஞ்சிருந்தா முடிஞ்சிருக்காது. சேர்ந்து செஞ்சதாலதான் முடிஞ்சுது." அவ்வளவு அழகாகச் சொன்னார். வேறொரு வீட்டு டிரோனாக இருந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

அடுத்து அந்தக் காலைக் காட்டி, "இந்த ஊதாப் பட்டையைப் பாருங்க, அதிர்வைத் தாங்குற விசேஷப் பொருள், எந்த நாட்டுல தயாரிச்சதுன்னு ஆய்வு நடக்குது" என்றார். ஐயா, அது பள்ளிப் பிள்ளைகளின் பாவாடை இடுப்புக்கு வைப்பது. கடைவீதியில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

9. நான் பொறுக்க மாட்டாமல், "தம்பி, அது எதிரியோடது இல்ல, என் மருமகனோடது" என்றேன். அவர் மரியாதை குறையாமல் சொன்னார்: "அம்மா, எதிரி டிரோனுக்கெல்லாம் மாமியார் வரமாட்டாங்க." கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பிள்ளை மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கு எழுதிக் கொடுத்ததை அவர் சொன்னார். பின்னால் வரிசை நிற்கிறது, நகருங்கள் என்றார்கள். நகர்ந்தேன். கால் நகர்ந்ததே தவிர மனம் இன்னும் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் நிற்கிறது.

10. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையைக் கேட்டிருக்கிறேன். இங்கே வெண்ணெயை விளக்குப் போட்டுக் காட்சிக்கு வைத்துவிட்டு, நெய்யைத் திருடினான் என்று ஒருவனை உள்ளே வைத்திருக்கிறார்கள். படம் பிடித்ததாகச் சொல்லும் முதல் குற்றத்தையும் தயவுசெய்து யோசிக்க வேண்டும். பள்ளிக் கூரையிலிருந்து ஓடுபாதைக்கு அந்த டிரோனை ஓட்டி வந்தவர்கள் யார்? தங்கள் ஆட்களே அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். மூன்று பிரிவும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. நாலாவதாக வாசற்காவல் என்று ஒன்று இருப்பதையும், அங்கே ஒருவன் தன் பொருளைக் கேட்டு வந்து நின்றதையும் அவர்களிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. தட்டு அகலமுள்ள ஒரு பொருளை வானத்தில் கண்டுபிடிக்க முடிந்த தங்களால், தங்கள் வாசலில் பிடிபட்ட ஓர் ஆளைக் காண முடியவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

11. மறுநாள் வக்கீலை அழைத்துக்கொண்டு ஓடினேன். கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி லாரியில் ஏறிவிட்டது. கூட்டுச் செயல்பாட்டுக்கு விருது கிடைக்கப் போகிறதாம், அந்த விழாவுக்குத் தலைநகர் போகிறதாம். வக்கீல் சொன்னார்: "நீங்க பாத்தது சாட்சி ஆகாதும்மா. மாமியார் எதையும் சொல்வாங்கன்னுடுவாங்க. அவங்க வாயால சொன்னாத்தான் எடுபடும்." அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த வாய்தா வரும் புதன்கிழமை.

12. என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. எது ரீங்காரமிட்டாலும் அவள் எழுந்துவிடுகிறாள். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், ஜன்னலில் ஒரு வண்டு. "அம்மா, அது வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வாசலுக்கு நடக்கிறாள். டிரோன் வந்தால் கணவனும் வந்துவிடுவான் என்று எப்படியோ மனத்தில் பதிந்துவிட்டது. மருத்துவர் அவள் அலையக் கூடாது என்கிறார். அதனால் என் தையல் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இப்போது காலால் மிதித்துத் தைக்கிறேன். மூட்டு வலிக்கிறது, பரவாயில்லை. காவலில் பார்க்கப் போனால் வாய் ஓயாத மாப்பிள்ளை இரண்டே கேள்விதான் கேட்கிறார்: "அவ தூங்குறாளா அத்தை? அது கிடைச்சுதா?" அவர் பழையபடி ஏதாவது விளக்கம் சொல்லமாட்டாரா என்று இருக்கிறது.

13. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. அந்த டிரோன் இன்ன நாளில் தங்கள் பயிற்சியில் தங்கள் ஆட்களால் தளத்துக்குள் இறக்கப்பட்டது, இன்றுவரை தங்கள் பொறுப்பில் இருக்கிறது என்று இரண்டு வரி, தங்கள் கையெழுத்தோடு, புதன்கிழமைக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதுவரை டிரோனின் அந்த எலாஸ்டிக் சுற்றிய காலை யாரும் மாற்றிவிடக் கூடாது. விருதை நான் தடுக்கவில்லை. தங்கள் பிள்ளைகள் திறமையாகத்தான் செய்திருக்கிறார்கள், வாங்கிக்கொள்ளட்டும். டிரோனும் வேண்டாம், கண்ணாடிப் பெட்டியிலேயே இருக்கட்டும். எலாஸ்டிக் விஷயத்தை நான் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அதன் உரிமையாளரை மட்டும் அவர் கிளம்பின இடத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இடம்: தங்கள் வேலிக்கு வெளியே
நாள்: வியாழக்கிழமை, வாய்தாவுக்கு முந்தைய வாரம்

தங்கள் இரண்டு வரிக்காக வாசலில் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தையற்கடைக்காரி

இணைப்பு: ஊதா எலாஸ்டிக், ஒரு சாண். ஆய்வு நடப்பதாகச் சொன்னதால் ஒப்பிட்டுப் பார்க்க, அதே சுருளிலிருந்து வெட்டியது. மீதியைப் பிறக்கப்போகும் குழந்தையின் உடுப்புக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். போதாது என்றால் ஆள் அனுப்புங்கள், அதையும் தருகிறேன்.