புதருக்குள் தையல் மிஷின்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும், உன் இருமல் விட்டதா என்று அம்மா முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள். அக்கா போன வாரம் பிள்ளைகளோடு வந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போனாள், மாடிக்குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. கோடை பிறந்ததும் எங்கள் பறவை பார்க்கும் கூட்டமும் வழக்கம்போல ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது, அதில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் ஈரப் புதர்க்காடு இருக்கிறதே, அங்கே முன்பெல்லாம் கோடைத் தொடக்கத்தில் ஒரு சின்னப் பழுப்புக் குருவி வரும். வெட்டுக்கிளிக் குருவி என்போம். இந்த வட்டாரத்தில் வேறெங்கும் கிடையாது, ஆள் கண்ணில் படாமல் புதருக்குள் உட்கார்ந்து மூச்சு விடாமல் கிரீச்சிடும். சில வருஷமாக அது வருவதில்லை என்று நான்தான் எல்லாருக்கும் சொல்லிவந்தேன். கூட்டத்தில் மூத்தவன் நான், என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இந்த முறை புதிதாக ஒரு பல் டாக்டர் அம்மா சேர்ந்திருந்தார், காக்கைக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது, காலை நடைக்கு நல்லது என்று வந்தவர். புதரோரம் வந்ததும் நின்று, இந்தக் காட்டுக்குள்ள யாரு சார் தையல் மிஷின் ஓட்டுறாங்க என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் தொப்பிக்காரரிடம் (உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த அதே வாத்தியார்தான்) அந்தக் குருவி எப்போதிலிருந்து கத்துகிறது என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, போன வருஷமும் கத்துச்சு, அதுக்கு முந்தின வருஷமும் கத்துச்சு, நீங்க இல்லேன்னு அடிச்சு சொல்றப்ப நான் எப்படி இருக்குன்னு சொல்றது, மனசு சங்கடப்படுமேன்னு விட்டுட்டேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவரோடு பேசாமலே வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா அன்றைக்கே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்கள் என்று கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஏன் இன்னும் ஆரம்பிக்காமல் இருக்கிறார்கள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் போய்விட்டன, மற்றவை பரவாயில்லை என்றார் டாக்டர். வீட்டில் யார் பேசுவது புரியவில்லை என்று அவர் கேட்டதற்கு நான் யோசிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, சின்னவ போன் பண்ணா ரெண்டு வார்த்தை பேசிட்டு என்கிட்ட குடுத்துடுவார், அப்பாவுக்கு என்மேல என்ன கோபம்னு அவ கேட்டு அழுதா என்றாள். இது எனக்குத் தெரியாது. உன் குரல் மெல்லிசு, நீ சொல்வது பாதி விழாது, திரும்பத் திரும்ப என்னவென்று கேட்கக் கூச்சப்பட்டுத்தான் கொடுத்துவிடுவேன், வேறொன்றுமில்லை.

இப்போது இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருக்கிறேன். செய்தித்தாளைப் புரட்டினால் ஓட்டில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. அம்மா இத்தனை காலம் சமையலறையில் என்னைப் பற்றி என்னென்ன முணுமுணுத்தாள் என்பதும் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. மறுபடி ஒருநாள் தொப்பிக்காரரை நானே கூப்பிட்டுக்கொண்டு புதர்க்காட்டுக்குப் போனேன், பல் டாக்டரும் வந்தார், சத்தம் வரும் பக்கத்தைக் கைகாட்டியதும் அவர்தான். குருவி ஒரு முள்கொப்பின் நுனிக்கு ஏறி வந்தது. வாய் திறந்திருந்தது, தொண்டை துடித்தது, வால் வரைக்கும் உடம்பு நடுங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவு உயர்ந்த சத்தத்துக்கு மிஷினும் எட்டாதாம். ஆனால் அது பாடுவதை நன்றாகப் பார்த்தேன். தொப்பிக்காரர் தோளில் கைவைத்து, இருக்குல்ல என்றார். இருக்கு என்றேன். இனிமேல் எந்தப் பறவை எங்கே இல்லை என்று நான் யாருக்கும் சொல்வதாக இல்லை.

மாப்பிள்ளைக்கு என் ஆசி, நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் நான்தான் எடுப்பேன். எனக்காகக் கத்திப் பேச வேண்டாம், நிதானமாகப் பேசு, புரியாததை இனி வெட்கப்படாமல் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவிடம் கொடுங்கள் என்று நீயாகச் சொல்லும்வரை கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன்மேல் ஒருநாளும் கோபமில்லாத
அப்பா