என் வலது தோளின் மூன்று சென்டிமீட்டர்

ஜனவரி 14, செவ்வாய்

கடைக்கு வந்தவர் பித்தளைக் கீல் கேட்டார். அது நான்காம் தட்டில் இருக்கிறது. வலது கையைத் தூக்கினேன். கன்னம் வரை வந்து நின்றுகொண்டது. என் வீட்டுக்காரர் பௌதிலியோ சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். கடைசியில் வந்தவரே ஏணி போட்டு ஏறி எடுத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது நான் கடை நடத்தும் லட்சணம்!

பதினான்கு மாதம் ஆகிறது. விழவில்லை, அடிபடவில்லை, தோள் தானாகவே உறைந்துபோனது. உள்ளாடைக் கொக்கியை பௌதிலியோதான் மாட்டிவிடுகிறார். முப்பது வருஷமாக அவருக்குக் கழற்ற மட்டும்தான் தெரியும். மாட்ட இப்போதுதான் படிக்கிறார்.

பெரிய வெள்ளிக்கு மூன்று மாதம். போன வருஷம் வியாகுல மாதாவின் சப்பரம் போனபோது நடைபாதையில் நின்று பார்த்தேன். இருபத்தாறு வருஷம் தூக்கியவள் நான். தொடர்ந்து இரண்டு வருஷம் தூக்காவிட்டால் சபைப் பட்டியலில் பெயர் இருக்காது. அந்த இடத்துக்குக் காத்திருப்பவர்கள் இருநூறு பேர்.

தூக்காமல் விடமாட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

கோயில் கூடத்தில் தரையிலிருந்து தோள் வரை உயரம் அளந்தார்கள். சப்பரம் சாயக்கூடாது என்பதால் ஒரே தோள் உயரம் உள்ளவர்களைத்தான் ஒரு முறையில், ஒரு தெரு தூரம் சேர்ந்து தூக்கும் குழுவில், சேர்ப்பார்கள். எனக்கு எப்போதும் 128 சென்டிமீட்டர். பௌதிலியோவின் தங்கை நினெத்துக்கு 131. அதனால் இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரு தெருகூடச் சேர்ந்து தூக்கியதில்லை. அவள் முறை முடிந்து நடைபாதையில் நிற்பாள், நான் சப்பரத்தடியில் போவேன்.

இன்று அளந்தவர் பலகையை என் வலது தோள்மேல் இறக்கினார். "நூத்தி முப்பத்தொண்ணு" என்றார். இன்னொரு தடவை அளந்தார். 131தான்.

நினெத் கத்தினாள்: "அண்ணி! ஐம்பத்திமூணு வயசுல வளர்றீங்களா? என்ன உரம் போட்டீங்க?"

இருவருக்கும் ஒரே முறை, முன்னும் பின்னுமாக அடுத்தடுத்த இடம்! பௌதிலியோவிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எனக்கென்னவோ அதே ஆள்தான்னு தோணுது" என்றார். பொறாமை.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று முதல் சிகிச்சை. காத்திருக்கும் இடத்தில் என் பக்கத்தில் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்ட ஒருவர். அவருக்கு அடுத்து, கூரை கூரையாக வெள்ளையடித்துத் தோளின் தசைநாணைக் கிழித்துக்கொண்டவர். "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வைத்தியம் பார்க்கும் பெண்ணின் பெயர் யெசெனியா. என் மகள் வயதுகூட இருக்காது. 'டோன்யா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறாள், ஆனால் அதட்டல் மட்டும் மாமியார் அதட்டல்.

"டோன்யா சோய்லா, கையைத் தூக்குங்க."

"தூக்கிட்டேனே."

"நீங்க தூக்கினது கையை இல்ல. தோள்பட்டையை."

ஒரு சாசரில் எலுமிச்சம்பழத்தை வைத்துக் காட்டினாள். தோள்மூட்டு அவ்வளவுதானாம். பெரிய குண்டு, சின்னக் குழி, சுற்றிலும் ஒரு தோல்பை, இழுத்துப் பிடிக்க நாலு தசை. அதனால்தான் எல்லாப் பக்கமும் சுழல்கிறது. நான் விற்கும் எந்தக் கீலும் இப்படித் திரும்பாது. எனக்கு அந்தப் பை வெந்நீரில் துவைத்த கம்பளிச் சட்டை மாதிரி சுருங்கிவிட்டதாம்.

"கை மேல போறதுல ரெண்டு பங்கு மூட்டோட வேலை, ஒரு பங்குதான் தோள்பட்டையோடது. உங்க மூட்டு படுத்துக்கிச்சு, தோள்பட்டை ஒத்தை ஆளா எல்லாத்தையும் இழுக்குது."

ஏப்ரலில் சப்பரம் தூக்கலாமா என்று கேட்டேன்.

"இளக ஆரம்பிச்சிருக்கு. முதல்ல உங்க தலையை நீங்களே சீவுங்க. அப்புறம் மாதாவைப் பார்க்கலாம்."

பிப்ரவரி 20

வலி. அந்தப் பெண் நாசமாகப் போக. (நாளைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

யெசெனியா கொடுத்த பயிற்சி: கடைச் சுவரில் விரல்களைப் பூச்சி மாதிரி மேலே மேலே நடத்த வேண்டும். எட்டிய இடத்தில் பென்சில் கோடு. பௌதிலியோ தேதி போடுகிறார். வாடிக்கையாளர்களுக்கு இது வேடிக்கையாகிவிட்டது. ஆணி வாங்க வந்த கொத்தனார், "இன்னும் ஒரு விரக்கடை, டோன்யா, விடாதீங்க!" என்று கைதட்டினார். அந்த ஒரு விரக்கடையும் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

மார்ச் 22, சனி

கொக்கியை நானே மாட்டினேன்!! கை பின்னால் போயிற்று, முதுகைத் தொட்டது, மாட்டியது. கழற்றி மறுபடி மாட்டினேன். மூன்று தடவை.

பௌதிலியோவின் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்போ எனக்கு வேலை போச்சா?" என்றார். பாவம், இப்போதுதான் கை பழகியிருந்தது. கடையைப் பத்து நிமிஷம் சாத்திவிட்டு, பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் இருவரும் ஆடினோம். வலது கையை உயரத் தூக்கி ஆடினேன். காது தாண்டி, தலை தாண்டி.

ஏப்ரல் 8, செவ்வாய்

நினெத் கறுப்பு உடையைப் போட்டுப் பார்க்க வந்தாள். கண்ணாடிமுன் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

"அண்ணி... நீங்க குட்டையாயிட்டீங்களா?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. கடையிலிருந்து டேப்பை எடுத்துவந்து அளந்தோம். 128.

ஐயோ. நான் வளரவே இல்லை. ஜனவரியில் என் தோள் காதுப் பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். யெசெனியா அதை இறக்கி அதன் இடத்தில் வைத்துவிட்டாள். குணமானதில் மூன்று சென்டிமீட்டர் போய்விட்டது! சப்பரம் என் தோளைத் தொடாமல் மேலேயே போகும். இத்தனை வலியும் எதுக்குடி பட்டே, சோய்லா?

நினெத் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. என்னைப் பார்த்துவிட்டு அவளும் சிரிப்பை நிறுத்தினாள்.

ஏப்ரல் 10, வியாழன்

யோசனைகள்:

பௌதிலியோ என் செருப்படியில் ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டினார். கற்கள் பதித்த எங்கள் தெருவில் நாலடி நடந்தேன். ஐந்தாவது அடியில் அவர் கழுத்தைப் பிடித்துத் தொங்கினேன். ரப்பரைப் பிய்த்தாயிற்று.

தோளை மறுபடி நானே ஏற்றி வைத்துக்கொண்டால்? யெசெனியா போனிலேயே கத்தினாள்: "ரெண்டு மாசமா நான் இறக்கினதை ரெண்டு நிமிஷத்துல ஏத்துவீங்களா? கழுத்துப் பிடிச்சுக்கிட்டு என்கிட்ட வரக்கூடாது, சொல்லிட்டேன்!"

அளந்தவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "128-ல எல்லா முறையும் நிறைஞ்சிடுச்சு, டோன்யா. இந்த இடம் வேண்டாம்னா எழுதிக் கொடுத்துடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கவில்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

காலியான தோளோடு நடப்பதா? யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். மாதாவுக்கும் தெரியும்.

போகத்தான் போகிறேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி, மாலை

வந்ததும் எழுதுகிறேன், இன்னும் முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

எங்கள் முறை பேக்கரி முனையில் ஆரம்பித்தது. முந்தைய முறைப் பெண்கள் நழுவி வெளியே வர, நாங்கள் உள்ளே நுழைந்தோம். பேண்டு வாத்தியம் துவங்கியது, சப்பரம் எழும்பியது. என் தோளுக்கும் சப்பரத் தண்டில் தைத்த மெத்தைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அது வழியாகக் காற்று வந்தது. காலடியில் மரத்தூள் கோலம். சுற்றிலும் எல்லாரும் மூச்சு வாங்குகிறார்கள், நான் மட்டும் கடைத்தெருவுக்குப் போகிறவள் மாதிரி சும்மா நடக்கிறேன். அவமானமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

முன்னால் இருந்த நினெத் திரும்பாமலே கேட்டாள்: "பாரம் வந்துச்சா, அண்ணி?"

"இல்ல."

அவள் முன்னால் இருந்தவளிடம் ஏதோ முணுமுணுத்தாள். அவள் அடுத்தவளிடம். பின்னாலும் போயிற்று. "முழங்காலை மடக்குங்கடி. மடக்கி நடங்க. பின்னால சொல்லு." இருபது பெண்கள், பாதிப்பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வரிசை மொத்தமும் கொஞ்சம் தாழ்ந்தது. வாத்தியத்துக்கு ஏற்பச் சப்பரம் எங்கள் பக்கம் அசைந்து சாய்ந்தது—

வந்தது. என் தோள்மேல் வந்து உட்கார்ந்தது. எலும்பு வரை இறங்கியது. மூட்டு தாங்கியது! வலித்தது, நல்ல வலி. அடுத்த முனை வரும்வரை அவர்கள் யாரும் நிமிரவில்லை. நான் சத்தமாக அழுதுகொண்டே நடந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரல் 19, சனி

தோளில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. பௌதிலியோ தைலத்தோடு வந்தார். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன், நாலு நாள் இருக்கட்டும்.

நினெத் காலையில் போன் செய்தாள். தொடை ரெண்டும் பிடித்துக்கொண்டதாம், படி இறங்க முடியவில்லையாம், கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டுமாம். அடுத்த வருஷம் ஒழுங்காக 128 என்றே அளந்து என் பழைய முறைக்குப் போய்விடுகிறேன் என்றேன்.

"போங்க, யார் வேண்டாம்னா? நானும் அங்கதான் வரேன்" என்றாள். "பாவாடைக்குள்ள முழங்கால் மடங்கியிருக்கிறது அளக்கிறவருக்கு எப்படித் தெரியும்?"