பீர் ஊற்றிய சவுக்காரம்

லீமாரோஸின் வலது கை கட்டுக்குள் இருந்தது. இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள்.

"பிலோமி அய்யாவுக்கு,

சோறு பானையில இருக்கு. சாளைக் குழம்பைச் சுட வச்சுச் சாப்புடுங்க. நம்ம மக பிலோமியக் கூட்டிக்கிட்டுத் தங்கச்சிமடத்துக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

நேற்று மதுவிலக்குப் போலீஸ் தெருவுக்குள் நுழைந்ததும், இலங்கையிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த பீரை அவள் கணவன் இன்னாசி, துணி துவைக்கிற சவுக்காரம் காய்ச்ச அவள் வைத்திருந்த தண்ணீர்ச் சட்டியில் கவிழ்த்துவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்புப் புகையில் அவளுக்கு வாடையும் தெரியவில்லை. காஸ்டிக் சோடாவைப் போட்டதும் சட்டி பொங்கிக் கையை வேகவைத்தது. வழிந்த நுரையில்தான் பீர் வாடை அடித்தது.

அலறல் கேட்டு ஓடிவந்த தன் அக்காவிடம் அவன் சொன்னான்: "இவளுக்கு அளவே தெரியலக்கா. எத்தனை தடவை சொல்றது?"

அதை நினைத்து அழுத்தியதில் பென்சில் முனை ஒடிந்தது. பல்லால் கடித்துக் கூராக்கிக்கொண்டு எழுதினாள்.

"கல்யாணமான நாள்லருந்து சவுக்காரம் காய்ச்சுறேன். எனக்கா அளவு தெரியாது? போலீசுக்குப் பயந்தீங்க, சரி. கை வெந்து கெடக்கயில அக்காவுக்கும் பயந்து பொய் சொன்னீங்களே, அதுதான் எரியுது.

எண்ணெயை வீணாக்க மனசில்லாம பீரோட சேத்தே கிண்டி ஊத்தியிருக்கேன். தொட்டுராதீங்க, காரம் அடங்கல. சாயந்தரம் உங்க அக்கா சவுக்காரம் கேட்டு வருவாங்க. அதுல என்ன கெடக்குன்னு உங்க வாயால சொல்லுங்க.

கோழிய அடைச்சுருங்க."

மடித்த சீட்டை மறுபடி பிரித்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"நீங்க வந்து கூப்புட்டா வரமாட்டேன். உங்க அக்கா வந்து கூப்புட்டா வாரேன்."