மலைப்படம் போட்ட பட்டன்

ஜனவரி 5, செவ்வாய்

எப்போதாவது தேவைப்படும் என்பதற்காக ஓர் எஞ்சினைத் தினமும் சுமந்து திரிவது புத்தியா, பயமா? இருபத்து நான்கு வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பதில் தெரியவில்லை.

பீட்டர்ராஜ் அண்ணன் கேட்டது வேறு வார்த்தைகளில். மகள் பெனிஷாவுக்குப் பேசியிருக்கும் சகாய பிரவீன் கூடலூரில் ஏலக்காய் வியாபாரி. கட்டப்பனை, கொச்சி என்று அலைபவர். பெண்ணோடு இந்தப் புது மாதிரி கார் வர வேண்டுமாம். பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்ந்தால் உள்ளே இருக்கும் சின்னப் பெட்ரோல் எஞ்சின் கரண்டு தயாரித்துக் கொடுக்கும்.

"செல்வி, நீ படிச்சவ. மலையேறுமா, ஏறாதா? ஒத்த வார்த்தை சொல்லு."

"பார்த்து ஓட்டினால் ஏறும்" என்றேன்.

காருக்காக அண்ணன் திராட்சைத் தோட்டத்தை விற்கிறார். "தோட்டத்து மோட்டார் லைன்ல சார்ஜ் போட்டுக் காட்டிருவோம், ஓசி கரண்டுதான" என்று சிரித்தார். தோட்டம் போனால் லைனும் போகும் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஜனவரி 10, ஞாயிறு

ஊர் மாதா கோயிலில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டால், தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம்.

ஜனவரி 12, செவ்வாய்

கார் வந்துவிட்டது. கையேட்டை அல்லிநகரத்தில் என் வீட்டுக்கு எடுத்துவந்து முழுதும் படித்தேன். வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

மோசமான யோசனை இல்லை. குமுளிக்கு அப்பால் சார்ஜ் போட இடம் தேடி அலைய வேண்டாம். ஆனால் பத்து வருடத்தில் ஊருக்கு ஊர் சார்ஜர் வந்துவிட்டால் அந்த எஞ்சின் வெறும் பாரம். அதுவரைக்கும் மாற்று ஆள். அவ்வளவுதான் அதன் எதிர்காலம்.

பக்கம் 84: மலைப்படம் போட்ட ஒரு பட்டன். ஏற்றத்துக்கு இருபது நிமிடம் முன்பே அழுத்தினால் எஞ்சின் ஓடிப் பேட்டரியில் சேர்த்துவைக்கும். மறந்துவிட்டு, தீர்ந்த பேட்டரியோடு ஏறினால் அந்தச் சின்ன எஞ்சின் தருவது போதாது. பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் எழுதிவைத்தேன்: கம்பம் தாண்டியதும் அழுத்த வேண்டும்.

ஜனவரி 17, ஞாயிறு

இரண்டாவது ஓலை. பூசை முடிந்து சாமியார் ஜெபம் சொல்லிக் காரை மந்திரித்தார். பிறகு சொந்தக்காரப் பெண்கள் மாற்றி மாற்றி உள்ளே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஏசி வாங்கினார்கள். பாதி இருந்த பேட்டரி கால்வாசிக்கு வந்துவிட்டது. பிரவீனுக்கு அன்றைக்கே குமுளியில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முன்னால் அவரும் அவருடைய அம்மா எஸ்தரும். பின்னால் பெனிஷா, அவளுக்குத் துணையாக நான். கையேட்டை முன் டப்பாவில் வைத்தேன். கம்பம் தாண்டியதும் சொல்வதாக இருந்தேன்.

உத்தமபாளையம் தாண்டும்போது எஸ்தர், ரெண்டாவது எஞ்சின் எதுக்கு என்று கேட்டார்.

"அது சக்கரத்தை ஓட்டாதும்மா. கரண்டு தீந்தா கை குடுக்கும். மத்த நேரம் சும்மா கெடக்கும்" என்றார் பிரவீன்.

எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தார். "நம்ம டீச்சரம்மா மாதிரின்னு சொல்லு. கல்யாணமும் இல்ல, காச்சியும் இல்ல. அவசரத்துக்கு ஆகும்னு வீட்டுல வச்சிருக்காக."

பிரவீன் சிரித்தார். அது பரவாயில்லை. பெனிஷாவும் சிரித்தாள். மூன்று வயதிலிருந்து என் மடியில் படித்தவள்.

கம்பம் வந்தது. பட்டன் கண்ணுக்கு நேரே இருந்தது. கூடலூரும் போனது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குமுளி மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் எஞ்சின் அலற ஆரம்பித்தது. வேகம் இருபது. பிறகு பன்னிரண்டு. பின்னால் வந்த ஜீப்புகள் ஹாரன் அடித்தன. ஒருவன் தலையை நீட்டி, "ஏலே, ஒயர் பத்தலையா? கூடலூர்ல இருந்து இழுத்துட்டு வரவா?" என்றான். பிரவீனின் காது சிவந்தது.

எஸ்தர் திரும்பாமலே சொன்னார்: "ரெண்டு பேரும் எறங்கி நடங்க. பாரம் கொறையும்."

பெனிஷா இறங்கினாள். நான் முழங்கால் வலி என்றேன். வலி இல்லை. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுப்பகல் வெயிலில் அவள் காருக்குப் பின்னால் ஏறிவந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு வளைவு.

ஏன் இறங்கவில்லை நான்?

ஜனவரி 19, செவ்வாய்

இரண்டு நாளாக வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

ஜனவரி 23, சனி

அண்ணன் வீட்டில். கூடலூரிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "மந்திரிச்ச வண்டியே மல ஏறல. அரகொற வண்டியக் குடுத்து ஏமாத்திட்டாகன்னு எஸ்தரம்மா சொல்றாக. டீசல் வண்டியா மாத்திக் குடுங்க. இல்லன்னா மூணாவது ஓலை வேண்டாம்."

விற்க இன்னொரு தோட்டம் இல்லை. அண்ணன் வாசலில் நின்று, கிளம்புவதுபோல் சட்டையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

பெனிஷா கேட்டாள், "அத்தை, நெட்ல பாத்தேன். மலைக்குன்னு ஒரு பட்டன் இருக்காமே. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே" என்றேன்.

நாளை வாசிப்பார்களா? பிரவீன் நல்ல பையன்தான், அம்மாவிடம் பேசுவார். அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜனவரி 24, ஞாயிறு

வாசிக்கவில்லை. சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்து, தாளை மடித்துவைத்தார். முதல் வரிசையில் இருந்தவர்கள் திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, காரில் நான் வைத்த கையேடு என் பையின் மேல் விரிந்து கிடந்தது. பக்கம் 84. என் பென்சில் கோடு. ஓரத்தில் என் கையெழுத்து.

நான் கிளம்பியதும் அண்ணன் கார் சாவியை எடுத்தார், பஸ் ஸ்டாண்டில் விடுவதற்கு. அடுப்படியிலிருந்து பெனிஷாவின் குரல் வந்தது.

"அத்தை நடக்கட்டும்ப்பா. பாரம் கொறையும்."

அண்ணனுக்குப் புரியவில்லை. நான் நடந்தேன்.